கையளவு இன்ஜின்



சின்னசேலத்திலிருந்து பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். "வீட்டிலேயே ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் செய்ய முடியுமா? பாகங்களை வாங்கிப் பூட்டுவதைக் கேட்கவில்லை. சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் எல்லாவற்றையும் நாமே கடைந்து செய்வதைக் கேட்கிறேன்." கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி: "இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் இதனால் என்ன பிரயோஜனம் என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்."

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: முடியும். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும் தேவைப்படுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். பிஸ்டனின் விட்டம் 20 மி.மீ., அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 8 சி.சி. வருகிறது. ஓசூரில் 1980-இல் தயாராகத் தொடங்கிய டி.வி.எஸ். 50 மொபெட்டின் இன்ஜின் 50 சி.சி. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, மடியில் கோழி, பின்னால் தீவன மூட்டை என்று ஒரு குடும்பத்தையே அது இழுத்துக்கொண்டு போனதை நம் ஊர்ச் சாலைகள் பார்த்திருக்கின்றன. அதில் ஆறில் ஒரு பங்குதான் நாம் பேசும் இன்ஜின். எந்த வண்டியையும் அது இழுக்காது, எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இறைக்காது. மேசைமேல் நின்று ஓடும், அவ்வளவுதான். ஆனால் அதை ஓட வைத்தவருக்கு அதற்குப் பிறகு உலகத்தில் எந்த இன்ஜினும் அந்நியமாக இருக்காது.

கல்வராயன் மலையடிவாரத்துக்காரர்களுக்கு இன்ஜின் புதிதல்ல. மின்சாரம் வயலுக்கு வரும் முன்னால் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின்தான் ராஜா. நிமிடத்துக்கு 650 சுற்று மட்டுமே சுற்றும் லிஸ்டர் வகை இன்ஜின்களை ராஜ்கோட் பட்டறைகள் நாடு முழுவதற்கும் செய்து அனுப்பின. புனேயில் 1946-இல் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தொடங்கியது. ஹேண்டிலைப் போட்டு வேகமாகச் சுற்றி, சரியான நொடியில் கம்ப்ரஷன் லீவரை விழவிட்டு அதைக் கிளப்பத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டாலும் இன்ஜின் நம்மை விட்டுப் போய்விடவில்லை. மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களையெடுக்கும் பவர் வீடர், புதர் வெட்டும் கருவி, கல்யாண வீட்டு ஜெனரேட்டர் என்று சின்னச் சின்ன உருவில் வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருக்கிறோம். செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்த மாணவரின் கடிதம் எனக்குள் கிளப்பிவிட்ட கேள்வி இதுதான்.

வீட்டில் செய்த இன்ஜின் ஒன்றின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1893 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மின்நிலையத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர், தாம் செய்த இன்ஜினைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து இறுக்கினார். அதன் சிலிண்டர் ஒரு எரிவாயுக் குழாயின் துண்டு. ஃப்ளைவீல், பழைய லேத் ஒன்றின் கைச்சக்கரம். தீப்பொறிக்கு வீட்டு மின்சாரம். கார்புரேட்டர் கிடையாது. மனைவி கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் கையால் விட, அவர் சக்கரத்தைச் சுற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் ஏழு வாரக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த இளைஞரின் பெயர் ஹென்றி ஃபோர்டு. அந்த இன்ஜினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது எதையும் இழுக்கவில்லை. ஆனால் இன்ஜின் என்பது தன் கைக்கு அடங்கும் பொருள்தான் என்ற தெளிவு அந்த இரவில் அவருக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அதே 1893-இல், மார்ச் மாதத்தில், கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே, எப்படி? ஊரைவிட்டுக் கோவைக்கு வந்து, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டதுதான். பிறகு மறுபடியும் பூட்டினார். சொல்லித்தர ஆளில்லாமல் அவர் படித்த பாடம் அது.

அந்தப் பாடத்திலிருந்து எவ்வளவு விளைந்தது என்று பாருங்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். பைக்காரா மின்சாரம் அப்போதுதான் கோவைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று கோவை மோட்டாரும் பம்பும் இல்லாத கிணறு நம் மாவட்டத்தில் இருக்கிறதா? 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக அவர்தான் முன்நின்றார். அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம். நான்கு ஆண்டு படிப்பு வீண், கையோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் இரண்டே ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளாதபோது பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அவர் சொன்ன இரண்டாண்டுக் கணக்கு சரியா தவறா என்று விவாதிக்கலாம். அதன் அடியில் இருந்த எண்ணம் மட்டும் அசைக்க முடியாதது: கை தொடாத படிப்பு மனத்தில் நிற்காது.

பிரித்துப் பார்ப்பது பெரிய கல்விதான். ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது. பிரிக்கும்போது விடைகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. இந்த ஓட்டை ஏன் இந்த அளவு, இந்த ஸ்பிரிங் ஏன் இவ்வளவு மெல்லியது என்று யாரோ யோசித்து முடித்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் திருப்பி வைத்தால் போதும், வண்டி ஓடும். செய்யத் தொடங்கும்போதுதான் ஒவ்வொரு அளவும் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

சின்ன இன்ஜின்தானே, சுலபமாக இருக்கும் என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஓர் இன்ஜினை எல்லாப் பக்கமும் பாதி அளவுக்குக் குறைத்தால், அதன் மேற்பரப்பு நான்கில் ஒரு பங்காகும். உள்ளே இருக்கும் இடமோ எட்டில் ஒரு பங்காகிவிடும். எரிகிற வாயு குறைந்த அளவுக்கு, அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் சுவர் குறைவதில்லை. எரிந்த சூட்டில் பெரும்பகுதியைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடுகிறது. கசிவும் அப்படித்தான். பெரிய இன்ஜினில் பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. 8 சி.சி. இன்ஜினில் அதே இடைவெளி இருந்தால் அழுத்தம் நிற்கவே நிற்காது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை தலைமுடி நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆனால் பெட்ரோலின் துளி அதற்கேற்றபடி சிறுத்துக்கொள்வதில்லை. பெரிய இன்ஜின் மன்னித்துவிடும் பிழையைச் சின்ன இன்ஜின் மன்னிக்காது. அதனால்தான் அது நல்ல வாத்தியார்.

சிலிண்டரிலிருந்தே தொடங்கலாம். வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றை லேத்தின் சக்கில் பிடித்து, துளையிட்டு, போரிங் டூலால் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகக் கடைகிறோம். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள்சுவர் பளபளவென்று இருக்கும், வேலை முடிந்ததுபோலத் தோன்றும். விரல் நுனியை விட்டுத் தடவினால்தான் டூல் விட்டுப்போன மெல்லிய வரிகள் நகத்தில் நெருடும். இனிமேல்தான் லேப்பிங். துளைக்குள் சரியாக நுழையும் ஒரு அலுமினியக் கம்பியை நீளவாக்கில் பிளந்து, அதன்மேல் மெல்லிய தேய்ப்புப் பசையும் எண்ணெயும் பூசி, மெதுவாகச் சுற்றவிட்டு, சிலிண்டரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதலில் சில இடங்களில் இறுக்கிப் பிடிக்கும், சில இடங்களில் தளர்ந்து ஓடும். இறுக்கும் இடம் தெரிந்துவிட்டால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நேரம் போகப் போக அந்த வித்தியாசம் குறைந்து, கடைசியில் நுனி முதல் நுனி வரை ஒரே மாதிரியான, எண்ணெயில் வழுக்குவது போன்ற ஒரு பிடி கையில் தெரியும். அப்போது நிறுத்த வேண்டும். அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க எந்த அளவுகோலையும்விட உள்ளங்கை நல்ல சாட்சி. புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த வேலை, செய்கிறவருக்கு ஒரு மாலைப்பொழுதையே வாங்கிக்கொள்ளும்.

அடுத்து பிஸ்டன். அலுமினியமா, வார்ப்பிரும்பா? இங்கேதான் பள்ளியில் படித்த வெப்பவிரிவு முதன்முறையாக நிஜமாகிறது. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி சூடேறினால் 20 மி.மீ. அலுமினியப் பிஸ்டன், தான் ஓடும் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட 0.024 மி.மீ. கூடுதலாகப் பருத்துவிடும். அந்த இடத்தை முன்கூட்டியே விட்டுவைக்காவிட்டால் ஓடும்போதே பிஸ்டன் இறுகி நின்றுவிடும். விட்டுவைத்தாலோ, சூடாகும்வரை கசியும். அந்தக் கசிவை அடைக்கத்தான் ரிங். வார்ப்பிரும்புப் பிஸ்டனானால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் ஒன்றாகவே விரியும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளியில் ரிங்கே இல்லாமல்கூட ஓட்டலாம். முதல் இன்ஜினுக்கு இதுவே உத்தமம்.

ரிங் செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. வார்ப்பிரும்பில் மெல்லிய வளையம் கடைந்து, ஓரிடத்தில் வெட்டி, அந்த வாயில் ஒரு சின்னத் துண்டை வைத்து விரித்தபடியே மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். அதன்பின் வளையம் எப்போதும் விரிந்து நிற்கவே விரும்பும். சிலிண்டருக்குள் அமுக்கிப் போட்டால் சுவரைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டு நிற்கும். முதல் சிலது ஒடியும். வார்ப்பிரும்பு வளைவதற்குச் சம்மதிக்காத உலோகம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கிராங்கை ஒரே துண்டில் கடையலாம். மையத்திலிருந்து 12.5 மி.மீ. தள்ளி இன்னொரு மையம் குறித்து, அதில் பிடித்துச் சுற்ற வேண்டும். லேத்தே நடுங்கும் வேலை அது. புதியவர்கள் இரண்டு வட்டத் தகடுகளையும் ஒரு பின்னையும் சேர்த்து இறுக்கிச் செய்துவிடலாம். வால்வுகளில் நேரம் அதிகம் போகும். வால்வின் முகமும் அது உட்காரும் இடமும் ஒரு மெல்லிய வளையக்கோட்டில் மட்டும் தொட வேண்டும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் வால்வு பேஸ்ட்டைத் தொட்டு விரல்களுக்கு இடையே திருகித் திருகி அந்தக் கோட்டை வரவழைக்கிறோம். சரியாக வந்ததா என்று பார்க்க வால்வுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தால் போதும். கீழே ஈரம் தட்டினால் மறுபடியும் திருக வேண்டும்.

நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் ஓட்டிக்காட்டிய நான்கு ஸ்ட்ரோக் முறையில், கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு முறை வெடிப்பு. அதனால் வால்வைத் திறக்கும் கேம் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். 20 பல் சக்கரம் ஒன்று, 40 பல் சக்கரம் ஒன்று. முதல் இன்ஜினுக்குக் காற்றுவரும் வால்வைத் திறக்கக் கேமே வேண்டாம். மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை மாட்டிவிட்டால் பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலே அதைத் திறந்துகொள்ளும். பழைய காலத்துப் பண்ணை இன்ஜின்கள் பல அப்படித்தான் ஓடின. அவற்றின் வேகக் கட்டுப்பாடும் அழகானது. வேகம் கூடினால் ஃப்ளைவீலில் இருக்கும் எடைகள் வெளியே விரியும். உடனே ஒரு கொக்கி விழுந்து எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். உறிஞ்சல் இல்லை, எரிபொருள் வராது, வெடிப்பு இல்லை. சக்கரம் தன் வேகத்திலேயே ஓடி, வேகம் குறைந்ததும் கொக்கி விட்டுவிடும். மறுபடியும் ஒரு "டப்". எலக்ட்ரானிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலத்தில், நான்கு இரும்புத் துண்டுகள் தமக்குள் பேசி எடுத்த முடிவு அது. மாடல் இன்ஜின் செய்கிறவர்கள் உலகமெங்கும் இந்த வகையை விரும்பிச் செய்வதற்கு அதுதான் காரணம்.

எல்லாவற்றையும் பூட்டியபின், பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. சிலிண்டருக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது சக்கரம் கனக்க வேண்டும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கையை எடுத்தால் சக்கரம் தானாகவே பின்னோக்கித் துள்ள வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று அதை உதைக்கிறது. அந்த உதை கிடைத்தால் முக்கால் கிணறு தாண்டிவிட்டீர்கள். சக்கரம் அசட்டையாகத் தொடர்ந்து சுற்றினால் எங்கோ கசிகிறது. வால்வா, ரிங்கா, ஹெட் கேஸ்கெட்டா என்று சோப்புத்தண்ணீர் தடவித் தேட வேண்டும்.

தீப்பொறிக்கு பாயிண்ட், கண்டென்சர், பழைய மோட்டார் சைக்கிள் காயில், ஒரு பேட்டரி போதும். கேஸ்கெட்டுக்குத் தடித்த பேப்பர், ஃப்ளைவீலுக்குப் பழைய இரும்புக் கடை, பெட்ரோல் டாங்குக்குப் பித்தளைத் தகடு. இவற்றில் எதுவும் சின்னசேலத்திலிருந்து சேலம் போகும் பாதையில் கிடைக்காத பொருள் அல்ல.

எரிபொருளைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவில் படித்தவர்களுக்கு மாடல் விமானத்தின் சின்ன இன்ஜின்கள் தெரிந்திருக்கும். அவற்றில் ஸ்பார்க் பிளக் இருக்காது. பிளாட்டினம் கம்பிச் சுருள் கொண்ட குளோ பிளக் இருக்கும். மெத்தனால் ஆவி படும்போது அந்தச் சுருள் பேட்டரி இல்லாமலேயே கனன்றுகொண்டிருக்கும். அமைப்பு எளிமையானது, அதனாலேயே பலரும் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்ததை நாம் மறக்கவில்லை. கொஞ்சம் உள்ளே போனாலே கண்பார்வையைப் பறித்துவிடும் விஷம் அது, தோல் வழியாகவும் ஏறும். அதை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டில், தண்ணீர்போலத் தெரியும் அந்தத் திரவம் ஒரு பாட்டிலில் இருக்கக் கூடாது. பெட்ரோலும் ஆபத்தானதுதான். ஆனால் அதன் வாசனையே அதைக் காட்டிக்கொடுக்கும், அதை யாரும் குடிக்கப்போவதில்லை. ஆகவே நம் வாசகர்கள் பெட்ரோல் இன்ஜினே செய்யுங்கள்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. இன்ஜினைத் திறந்த வெளியில் ஓட்டுங்கள். மூடிய அறையில் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். லேத் முன்னால் நிற்கும்போது லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம். தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடி அணியாமல் சக்கைச் சுற்றவிடாதீர்கள். கையுறை பாதுகாப்பு என்று நினைத்து லேத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சுருள் சுருளாக விழும் பிசிறைக் கையால் எடுக்கக் கூடாது, பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ வந்த வார்ப்புச் சக்கரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலித்தால் மட்டும் பூட்டுங்கள்.

"எங்கள் வீட்டில் லேத் இல்லையே" என்று கேட்பீர்கள். பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் கோவையிலும் செய்த லேத்துகள் நம் ஊர்ப் பட்டறைகளில் பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலையோரமாக நடந்தால் பத்து கடைக்கு ஒரு கடை லேத் பட்டறைதான். டிராக்டர் பின், போர்வெல் பைப் திரெட், கரும்பு ஜூஸ் மெஷின் உருளை என்று பகலெல்லாம் அங்கே வேலை ஓடும். பொழுது சாய்ந்தபின் மெஷின் சும்மா நிற்கும். பட்டறைக்கார அண்ணனிடம் போய், "அண்ணே, ஒரு சின்ன இன்ஜின் செய்யணும், மாலையில் ஒரு மணிநேரம் மெஷின் தருவீங்களா, கூட நின்னு சொல்லிக்கொடுப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பல தொழிலாளிகள் காத்திருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. முப்பது வருஷம் அடுத்தவர் கொண்டுவந்த உடைந்த பாகத்தையே செய்துகொடுத்த கைக்கு, ஒரு முழு இயந்திரத்தைச் செய்து ஓடவிடும் ஆசை இருக்காதா?

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்கிறேன். முதல் மாதங்களில் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி மட்டமாக்கச் சொல்வார்கள். கை கொப்புளிக்கும், எதற்கு இது என்று வெறுத்துப்போகும். இந்தச் சின்ன இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டை வெளிச்சம் புகாமல் உட்காரவைக்கும்போது அந்த அரவேலைக்கு அர்த்தம் புரியும்.

எடுத்த எடுப்பில் பெட்ரோல் இன்ஜினுக்குப் போக வேண்டாம் என்பதும் என் யோசனை. முதலில் காற்றழுத்தத்தில் ஓடும் சின்ன இன்ஜின் ஒன்றைச் செய்யுங்கள். அதில் வால்வே கிடையாது. சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடி, துளைக்கு நேராக வரும்போது காற்றை வாங்கிக்கொள்ளும், விலகும்போது விட்டுவிடும். பித்தளையில் செய்துவிடலாம், பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஓட்டிப் பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றவைத்த முதல் சந்தோஷம் அதில் கிடைக்கும். அந்தச் சந்தோஷம் இல்லாமல் அடுத்த படியின் நீண்ட உழைப்புக்கு மனம் ஒப்பாது.

இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் 1898-இல் மாடல் இன்ஜினியரிங்குக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு வேலை செய்யும் சாதாரண மனிதர்களுக்காக எட்கர் வெஸ்ட்பரி போன்றவர்கள் அதில் சின்ன இன்ஜின்களின் வரைபடங்களை வாரம்தோறும் விளக்கி எழுதினார்கள். குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் ரயில்வே தொழிலாளிகளும் அதைப் படித்துப் படித்துச் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த அறிவு கை மாறியது. நம்மிடம் கைவேலை அறிவு இல்லாமல் இல்லை, கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மட்டுமே போகிறது, தாளில் ஏறுவதில்லை. ஒரு நல்ல டர்னர் கண்ணை மூடினால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது. தமிழில் அளவோடும் படத்தோடும் இவற்றை எழுதிவைக்க வேண்டும் என்பது இந்தப் பத்திரிகையின் நெடுநாள் ஆசை.

பேட்டரி வண்டி வந்துவிட்ட காலத்தில் பெட்ரோல் இன்ஜின் எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்வி. சாலையில் ஓடும் இன்ஜினின் நாட்கள் எண்ணப்படலாம். ஆனால் கற்றுக்கொடுக்கும் பொருள் என்ற அளவில் இதற்கு இணை குறைவு. உலோகம், அளவு, சூடு, காற்று, எரிபொருள், மின்சாரம், எண்ணெய், நேரம் ஆகிய எட்டும் ஒரே மேசையில் ஒன்றாக ஒத்துழைத்தால்தான் இது ஓடும். ஏழு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் நின்றுவிடும். எந்த ஒன்று தவறியது என்று தேடித் தேடிப் பழகிய மூளை, நாளை பேட்டரி வண்டியின் முன்னால் நின்றாலும், ஆலை ரோபோவின் முன்னால் நின்றாலும் திகைக்காது. காரணத்தை ஒழுங்காகத் தேடும் பழக்கம் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் பழசாகிப் போகாது.

இனி, அந்த மாணவரின் வீட்டாருக்கு. அம்மா, அப்பா, உங்கள் கேள்வியில் அக்கறை இருக்கிறது, புரிகிறது. பிள்ளை படிப்பைக் கோட்டைவிட்டுவிடுவானோ, பணம் வீணாகுமோ என்ற பயம் எந்தப் பெற்றோருக்கும் வருவதுதான். ஆனால் ஒரு பையனோ பெண்ணோ ஒரு பொருளின் நூறில் ஒரு மில்லிமீட்டருக்காக மாலை முழுவதும் பொறுமையாக உட்கார்ந்திருப்பது நம் காலத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் காட்சி அல்ல. தன் வேலையைத் தானே அளந்து, தானே தள்ளிவைத்து, தானே மறுபடியும் செய்யக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு யாரும் மதிப்பெண் போடத் தேவையில்லை. இயந்திரமே போட்டுவிடும். அந்த இன்ஜின் பத்துப் பைசா சம்பாதிக்காது. அதைச் செய்த கை சம்பாதிக்கும், அதைவிட முக்கியமாக, பிறர் வேலையையும் மதிக்கக் கற்றிருக்கும். திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையின் ஓரத்திலோ ஒரு மேசைக்கும் ஒரு வைஸுக்கும் இடம் கொடுங்கள். பெண் பிள்ளை கேட்டாலும் அதே இடத்தைக் கொடுங்கள்.

அடுத்த இதழிலிருந்து, காற்றில் ஓடும் அந்த முதல் இன்ஜினை வரைபடத்தோடு படிப்படியாக வெளியிடப்போகிறோம். அது முடிந்ததும் 20 மி.மீ. பெட்ரோல் இன்ஜின் தொடங்கும். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும், பாகங்களின் பெயர்கள் பட்டறையில் புழங்கும் பெயர்களாகவே இருக்கும். லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், ஐ.டி.ஐ. ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ரயில்வே, போக்குவரத்துக் கழகத் தொழிலாளிகள் எல்லோரும் வரைபடங்களைப் பார்த்து, "இந்த இடத்தில் இப்படிச் செய்தால் சுலபம்" என்று எழுதுங்கள். ஒரு கடிதத்தையும் விடாமல் படிப்போம், பயன்படுவதை உங்கள் பெயரோடு அச்சிடுவோம். செய்து பார்க்கிறவர்கள் ஓடியதை மட்டுமல்ல, ஓடாததையும் படம் எடுத்து அனுப்புங்கள். எங்கே நின்றது என்று சேர்ந்து தேடுவோம்.

சின்னசேலத்துத் தம்பிக்கு: முதல் வரைபடம் அச்சுக்குப் போகும் முன்பே உங்களுக்கு ஒரு பிரதி தபாலில் வருகிறது. ஒரு நல்ல வெர்னியர் காலிப்பர் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்